தேங்காய் சொன்ன தீர்ப்பு

அரியமங்கலத்துப் பட்டறைச் சந்தில் விடிந்ததிலிருந்து தேர்க்கூட்டம். லேத்துப் பட்டறைகள் பாதி மூடிக் கிடந்தன. சமயபுரம் போகக் கிளம்பியவர்கள்கூட பஸ்ஸை விட்டுவிட்டு நின்றார்கள். அம்மன் எங்கே போய்விடப் போகிறாள்? தேங்காய்ச் சாமி தினமுமா வருகிறார்?

சாமியின் சித்து லேசுப்பட்டதல்ல. உரித்த தேங்காயை உள்ளங்கையில் படுக்கவைத்து நடப்பார். காவு கேட்கும் மண்ணை மிதித்தால் தேங்காய் குடுமியோடு எழுந்து நிற்கும். அமாவாசைக்குள் அந்த வீட்டைக் காலி செய்யாவிட்டால் ஓர் உயிர் போகும். ஸ்ரீரங்கத்தில் நின்றது, புத்தூரில் நின்றது என்று பேச்சு. தேங்காய் நின்ற இடத்திலெல்லாம் இப்போது அடுக்குமாடி நிற்கிறது. அடுக்குமாடிக்காரர்களிடம் மட்டும் அந்த மண் காவு கேட்பதில்லை. சிமெண்டுக்குப் பயந்த பேய் போலும்.

இந்தச் சந்தின் அடிமனை செல்லக்கண்ணுவுடையது. மேலே நிற்கும் வீடுகள், மனை வாடகை கொடுத்துக்கொண்டே குடியிருப்பவர்கள் கட்டியவை. வழக்கு முடியும்வரை யாரையும் கிளப்பக் கூடாதென்று கோர்ட்டு சொல்லிவிட்டது. தேங்காயைக் கோர்ட்டு என்ன செய்ய முடியும்? ஆறு வீட்டுச் சாவி செல்லக்கண்ணுவின் பைக்குள் போய்விட்டது. இன்று மயிலம்மாள் வீட்டுக்கு முறை.

பட்டறையில் இரும்புச் சுருள் சுமந்து அவள் எழுப்பிய வீடு. புருஷன் வீரமலை பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தான்.

"உசுரு முக்கியமா, செவுரு முக்கியமா?"

"செவுரு எழுப்பறதுலயே பாதி உசுரு போயிருச்சு. மிச்சத்தத்தான் கேக்குதாக்கும்."

சாமி வந்தார். மயிலம்மாள் வாசலில் தேங்காய் எழுந்து நின்றது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. வீரமலை சாவியை நீட்டினான். செல்லக்கண்ணு கை வைப்பதற்குள் மயிலம்மாள் அதைப் பிடுங்கி இடுப்பில் செருகினாள்.

"சாமி, ஒரே ஒரு தடவை கண்ணக் கட்டிக்கிட்டு நடந்து காட்டுங்க."

"என்னையே சோதிக்கிறியா தாயே?"

"உங்களையா? தேங்காயத்தான். அதுக்குக் குடுமிக்கடியில மூணு கண்ணு இருக்கு. உங்க ரெண்டு எதுக்குங்க?"

கூட்டம் சிரித்துவிட்டது. சிரித்த கூட்டத்திடம் சாமியார் மறுக்க முடியாது, தொழில் கெட்டுவிடும். மயிலம்மாள் தன் சும்மாட்டுத் துணியால் அவர் கண்ணை இறுகக் கட்டி, இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, கையைப் பிடித்து நடத்தினாள். முதலில் தன் வாசலுக்கே, வாய் பேசாமல் கூட்டிப்போனாள். தேங்காய் அசையவில்லை. திரும்பவும் கூட்டிவந்தாள். படுத்தது படுத்தபடி. பேய் டீ குடிக்கப் போயிருக்கும்.

பிறகு சந்து முனைக்கு நடத்தினாள். யாரோ வாயெடுக்க, உதட்டில் விரல் வைத்து அடக்கினாள்.

"இதாங்க சாமி என் வீட்டு வாசல். படி இருக்கு, பாத்து."

தேங்காய் விறைத்து எழுந்து நின்றது.

துணியை அவிழ்த்தாள். சாமியின் தலைக்கு மேலே பலகை: செல்லக்கண்ணு ரியல் எஸ்டேட்.

போன வாரமே சாவியைக் கொடுத்துவிட்டு அக்கா வீட்டில் ஒண்டியிருக்கும் பஸீலா முன்னே வந்தாள்.

"அண்ணே, அமாவாசைக்குள்ள ஆபீசக் காலி பண்ணிருங்க. சாவிய வேணா நான் வச்சுக்கிறேன்."

செல்லக்கண்ணுவுக்குச் சுர்ரென்று ஏறியது. "போம்மா அங்கிட்டு. தேங்கா நின்னுச்சாம். விரல லேசா மடக்குனா எந்தத் தேங்காயும்தான் நிக்கும்."

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. சந்து மொத்தமும் அவரைப் பார்த்தது.

"அப்ப எங்க சாவியக் குடுங்க," என்றாள் பஸீலா.

ஆறு சாவியும் வெளியே வந்தன. சாமி தேங்காயைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஆட்டோவில் ஏறியிருந்தார்.

சாக்கை அவிழ்த்துக்கொண்டிருந்த வீரமலையின் கையில் மயிலம்மாள் அந்தத் தேங்காயைக் கொடுத்தாள். அவன் பழக்கதோஷத்தில் காதோரம் வைத்துத் தட்டிப் பார்த்தான்.

"நல்ல காய்தான்."

"சட்னிக்கு வாங்குற தேங்காய மட்டும் பத்துத் தடவ தட்டிப் பாரு. சாமியாருன்னு ஒருத்தன் வந்தா, தட்டிப் பாக்காமலே வீட்டத் தூக்கிக் குடுத்துரு."