மூணடி அக்காவின் கை

"…நீதானேக்கா இங்க நில்லு, இதான் மூணடின்னு சொல்லிக் குடுத்தே? இப்ப நீயே ஊதுறியே, வெக்கமா இல்ல?"

எங்கள் குழுப் பெண் கஸ்தூரி இப்படிக் கத்தியதும் ஈப்போவின் அந்தத் திடலே அடங்கிப்போனது. வேலியோரம் கோழி பொரித்துக்கொண்டிருந்தவர்கூட ஜல்லிக்கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். கத்தல் வாங்கியவர் அந்த ஆட்டத்தின் நடுவர், மூணடி அக்கா. மலேசியாவின் பேரா மாநிலத்திலேயே வலைப்பந்தை அவரைப்போல நேசித்தவரும் கிடையாது, அதற்காக அவரைப்போல ஏச்சு வாங்கியவரும் கிடையாது. நேரம் பார்க்கிற மேசையில் உட்கார்ந்து நானே கேட்டிருக்கிறேன்.

அக்காவுக்கு வேலை லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடையில். வீடு எங்கள் மலிவு விலை அடுக்குமாடியில். சுங்காய்ப் பக்கம் இருந்த பத்தாங்கட்டைத் தோட்டம் கைமாறி, ஆட்களையெல்லாம் கிளப்பிவிட்டபோது பாதிப் பேர் இங்கேதான் வந்து ஒண்டினோம். தோட்டம் போய்விட்டது, பெயர் போகவில்லை. எங்கள் பெண்கள் வலைப்பந்துக் குழுவுக்கு அதையே வைத்துக்கொண்டோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நடுவர் வரவில்லை. "யாராச்சும் ஊதுங்கலா, வெயிலு ஏறுது!" என்று கூச்சல். நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களோடு வந்த அக்காவின் கையில் யாரோ விசிலைத் திணித்தார்கள். அன்று வாயில் வைத்ததை அவர் எடுக்கவே இல்லை.

பந்து வைத்திருப்பவளை மறிக்கிறவள் மூன்றடி தள்ளி நிற்கவேண்டும் என்பது வலைப்பந்தில் ஒரு விதி. அக்கா மற்ற விதிகளைப் படித்தார், இதைக் காதலித்தார். "மூணடின்னா ஒரு கஜம். கஜம்னா என் கைதான் தம்பி" என்று மூக்கு நுனியிலிருந்து விரல் நுனி வரை கையை நீட்டிக் காட்டுவார். கடையில் முதலாளி இரும்புக்கோல் வாங்கிக் கொடுத்தும், அதில் ஈரத்துண்டைக் காயப்போட்டுவிட்டுக் கையாலேயே துணி அளந்தவர் அவர். பிறகு வங்கி வரிசையில் "மூணடி!", கோயில் பந்தியில் "மூணடி!", ரொட்டி சானாய்க் கடையில் தே தாரே டீ ஆற்றுகிறவரிடமும் "பாய், மூணடி!" அவர் வீட்டுக்காரர் பாவம். "எனக்குக் கல்யாணத்தன்னைக்கே பெனால்டி குடுத்துட்டாங்க" என்பார்.

ஆடுகிற பிள்ளைகளின் பெற்றோர்கள் ஏசாத ஏச்சில்லை. "கண்ண அடமானம் வச்சிட்டியா?" என்பது அவற்றுள் மரியாதையானது. அக்கா அதையும் ரசிப்பார். "பாகான் டத்தோக்காரங்க தென்ன மரம் ஒசரத்துக்கு ஏசுவாங்க. கோப்பெங்காரங்க ஒரே வார்த்தைதான், ஆனா உள்ள போயி உக்காந்துக்கும்."

ஊர் ஆட்டங்களைத் தாண்டி மாநில ஆட்டங்களில் ஊத பேட்ஜ் வேண்டும். அதற்கு ஒரு தேர்வாளர் வந்து பார்க்கவேண்டும். பார்க்க வந்த அம்மாவை எல்லாரும் டீச்சர் என்போம். முதல் தடவை அக்கா தோற்றது வாயால். ஒரு பெண்ணை ஆட்டத்தின் நடுவில் நிறுத்தி, "ஏம்மா, அவ மேல சாஞ்சிக்கிட்டு நிக்கிறியே, இது என்ன பஸ் ஸ்டாண்டா?" என்று விசாரித்தார். டீச்சர் பக்குவமாகச் சொன்னார்: "நடுவர் ஊதணும், கை காட்டணும். கதை சொல்லக்கூடாது."

அக்கா வாயைக் கட்டினார். விடிந்ததும் கார் நிறுத்துமிடத்தில் விசிலோடு முன்னும் பின்னும் ஓடுவார், கார்களுக்குக் கை காட்டுவார். இரண்டு பேர் பயந்துபோய் வண்டியை நகர்த்தி நிறுத்தினார்கள்.

இரண்டாம் தடவை டீச்சர் அளவு நாடாவோடு வந்தார். "உங்க மூணடியக் காட்டுங்க." அக்கா கையை நீட்டினார். நாடா நீண்டது. நாலு விரல் குறைந்தது. அக்கா குள்ளம், கையும் குட்டை. அது அதுவரை யாருக்கும் தோன்றவில்லை. முதலில் அக்கா பதறியது கடைக்காகத்தான்: "ஐயோ, அப்ப ஈப்போல பாதிப் பேருக்குப் பாவாட கட்டையானது என்னாலயா?"

நாங்கள் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. எங்கள் பெண்கள் எல்லாருக்கும் அந்தக் கையால்தானே தூரம் பழக்கியிருந்தார்? அதற்குள் இறுதியாட்டத்துக்கு எங்கள் குழு தேறியிருந்தது. வேறு நடுவர் கிடைக்கவில்லை. டீச்சர் அங்கேயே வந்து அக்காவைக் கடைசியாகப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டார்.

அக்கா நாடாவைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறினார். "கண்ணுங்களா, நாலு விரலு தள்ளி நில்லுங்கடி." வளையத்தடியில் காவல் நிற்கும் கஸ்தூரி சிரித்தாள். "போங்கக்கா, காலு பழகிப்போச்சி. இப்ப வந்து மாத்துன்னா?" அவள் அம்மா கதவைச் சாத்திக்கொண்டே, எங்களுக்குக் கேட்கிற மாதிரி, "பேட்ஜ் வெறி" என்றார்.

ஆட்டத்தன்று அக்கா சரியான மூன்றடிக்கு ஊதினார். ஊதிக்கொண்டே இருந்தார். ஒவ்வொன்றும் நியாயமான விசில். ஒவ்வொன்றும் எங்கள் பெண்கள் மேல்.

தோற்றோம். குழுவின் வேன் அக்காவை ஏற்றாமல் போனது. பேட்ஜ் வந்தது, பார்க்க யாரும் வரவில்லை. மாநில ஆட்டத்துக்கு அழைப்பும் வரவில்லை. "சின்னப் பிள்ளைங்களுக்கு மொதல்ல சான்ஸ் குடுக்கிறோம் ஆண்ட்டி" என்று போனில் யாரோ சொன்னார்களாம். இன்று வரை எங்கள் மாடிப்படியில் அவரைக் கண்டால் ஆட்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். "இப்பதான் தம்பி எல்லாரும் சட்டப்படி மூணடி தள்ளி நிக்கிறாங்க" என்று ஒருநாள் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பார்த்திருக்கவேண்டாம்.

ஆனால் நேர மேசையிலிருந்து நான் கண்ட ஒன்றை எங்கள் அடுக்குமாடியில் யாரும் பேசுவதில்லை. வெட்கமா இல்லையா என்று கஸ்தூரி கேட்டாளே, அதற்கு அக்கா விதிப்படி கையை மட்டும் காட்டினார். நடுவர் கதை சொல்லக்கூடாது. ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. எதிரணிப் பெண் வளையத்தடியில் மறுபடி பந்தைப் பிடித்தாள். கஸ்தூரி பாய்ந்து வந்து பழைய இடத்திலேயே காலை ஊன்றினாள். தன் காலைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். வாய்க்குள் என்னவோ ஏசினாள். ஏசிக்கொண்டே நாலு விரல் பின்னால் நகர்ந்து, அப்புறம்தான் மறிக்கக் கையைத் தூக்கினாள்.