பொட்டுவுக்கு ஒரே ஒரு வாய்

வழியனுப்புவோர் என்று ஓர் இனம் உண்டு. பயணம் போகிறவரைவிடப் பயணத்துக்கு அதிகமாகத் தயாராகிறவர்கள் இவர்கள். நீங்கள் செங்கத்துக்குப் பஸ் ஏறினாலும் சரி, சீமைக்கு விமானம் ஏறினாலும் சரி, வாசலில் வந்து நிற்பார்கள். வெறுங்கையோடு மட்டும் நிற்க மாட்டார்கள். கிளம்புகிறவர் வெறும் வயிற்றோடு கிளம்பிவிட்டால் இவர்களுக்குச் சோறு இறங்காது. கிளம்புவது நாய் என்றால் மட்டும் விட்டுவிடுவார்களா?

எங்கள் வேங்கிக்கால் தெருவில் இந்த இனத்துக்குத் தலைவர் முருகையன். அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்; விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. எதிர்வீட்டு இனியாவுக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்து, ஆசிரமத்துப் பக்கம் குட்டியாகக் கண்டெடுத்த தன் நாய் பொட்டுவையும் அழைத்துப் போகிறாள் என்று தெரிந்ததும் மனிதருக்கு இருபது வயது குறைந்துவிட்டது.

அந்தப் பெண் பட்ட பாடு கொஞ்சமா? தோலுக்கடியில் சிப் வைத்து, தடுப்பூசி போட்டு, ரத்தத்தைப் பரிசோதனைக்கு அனுப்பி, மாதக்கணக்கில் காத்திருந்து, பொட்டு நிற்கவும் திரும்பவும் இடமுள்ள கூண்டு வாங்கி, அதற்குள்ளேயே அதைத் தூங்கப் பழக்கினாள். கால்நடை மருத்துவர் கண்டிப்பாகச் சொன்னது இரண்டே விஷயம். காலையில் கொஞ்சமாகச் சாப்பாடு, பிறகு தண்ணீர் மட்டும். தூக்க மாத்திரை கூடவே கூடாது. மேலே போனபிறகு மூச்சு முட்டினால் பார்க்க ஆளில்லை.

இதையெல்லாம் இனியா தெருவுக்கே விளக்கினாள். எல்லோரும் தலையாட்டினார்கள். தலையாட்டுவது இந்த இனத்துக்குக் கைவந்த கலை.

கிளம்பும் நாள் வந்தது. கூண்டுக்குச் சந்தனம், குங்குமம், மாலை. எங்கள் ஊர் மலையைப் பார்த்துக் கற்பூரம். இனியா பெட்டியை எடுக்க உள்ளே போன நேரத்தில் பக்கத்து வீட்டுப் பாஞ்சாலை கூண்டுக் கம்பி வழியாகக் கேசரி ஊட்டினாள். "ஒரே ஒரு வாய்தான், ஜாஸ்தி இல்ல." மாடிவீட்டு மூர்த்தி கறித்துண்டு. "நம்ம ஊரு ருசி அங்க கெடைக்குமா?" அப்புறம் இட்லி, அதிரசம், பால்கோவா. ஒரே ஒரு வாய் கொடுக்கத் தெருவே வரிசையில் நின்றது. பொட்டு யாரையும் ஏமாற்றவில்லை.

இனியா வெளியே வந்தபோது முருகையன் வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தார்.

"கையில இன்னா மாமா?"

"ஒண்ணும் இல்லம்மா. நல்லபடியா போய்ட்டு வா."

சென்னை விமான நிலையத்துக்குப் போகும் வழியில், திண்டிவனம் தாண்டும் முன்பே பொட்டு வாந்தி எடுத்தது. கேசரி வந்தது, கறி வந்தது, கடைசியில் ஓர் இட்லித் துண்டு வந்தது. இட்லிக்கு நடுவில் வெள்ளையாக அரை மாத்திரை, கரையாமல்.

போன் வந்தபோது நான் முருகையன் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

"தூக்க மாத்திரை குடுத்தீங்களா மாமா?"

"அரைதாம்மா. பாவம், வாயில்லா ஜீவன், பயப்படுமேன்னு..."

"அது வயித்துலயே தங்கி இருந்தா? மேல போயி செத்துப் போச்சுன்னா நான் இன்னா மாமா பண்ணுவேன்?"

அவள் அழுதுவிட்டாள். முருகையன் போனை என்னிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை ஐயா! அன்பு பொங்கும்போது காது கேட்காது, அவ்வளவுதான் வியாதி.

மருத்துவர் வீடியோவில் பொட்டுவைப் பார்த்தார். சென்னையிலும் ஒரு டாக்டர் பரிசோதித்து, தெளிவாகத்தான் இருக்கிறது, போகலாம் என்றார். மறுநாள் ஜெர்மனியிலிருந்து படம் வந்தது: பனியை முகர்ந்துகொண்டு பொட்டு. தெரு மூச்சுவிட்டது.

முருகையன் வருந்தினாரா? ஒரு வாரம் வருந்தினார். அதன்பிறகு டீக்கடையில் அவர் குரல் கேட்டது. "நாய் எப்படிப் பத்திரமா போச்சுன்னு நெனைக்கிறே? அரை மாத்திரை குடுத்தேன். கொழந்த மாதிரி தூங்கிட்டே போய்ட்டுது."

சிரிக்கிறீர்கள். அடுத்த மாதம் இனியா இங்கே வீட்டில் விட்டுப்போன தன் பூனையையும் அழைத்துப்போக வருகிறாள். உங்கள் தெருவிலும் யாராவது கிளம்பிக்கொண்டிருப்பார்கள், அவர்களுக்கு எது ஆகாது என்று உங்களிடமும் சொல்லியிருப்பார்கள், நீங்களும் தலையாட்டியிருப்பீர்கள். அதுசரி, வலது கையை ஏன் பின்னால் வைத்திருக்கிறீர்கள்? கொஞ்சம் காட்டுங்கள், பார்ப்போம்.