புளி போட்டுத் தேய்த்த மாப்பிள்ளை

எங்கள் கல்யாணங்களில் மாப்பிள்ளையின் முகத்தை யாரும் அவ்வளவாகப் பார்ப்பதில்லை. கால்தான் கதாநாயகன். மாமனார் அதைத் தாம்பாளத்தில் வைத்துக் கழுவுவார், மாமியார் ஜலம் விடுவார், வீடியோக்காரர் விளக்கை நேராக அதன்மேல் அடிப்பார்.

தொண்ணூறுகளில், மலையாளம் பேசுகிற ஊரில், தம்பானூர் பக்கம் ஓர் ஆபீஸில் எனக்கு வேலை. பெண் பார்த்த அன்று பயத்தில் நான் வாயே திறக்கவில்லை. அதைக் கம்பீரம் என்று நினைத்துச் சம்மதித்துவிட்டாள் கோமதி! தாலி கட்டும்வரை அந்தக் கம்பீரத்தைக் காப்பாற்றியாக வேண்டும். அந்த நேரம் பார்த்து என் வலது கால் பெருவிரல் நகம் பழுத்த நேந்திரம்பழம்போல மஞ்சளாயிற்று, கரும்புள்ளி உட்பட.

ஆபீஸ் நண்பர் சுகுமாரன் குனிந்து பார்த்தார். "இது பங்கஸ் ஆணு சாரே! பகரும்!" (பங்கஸ் என்றால் பூஞ்சை, பகரும் என்றால் தொற்றும். என் தூக்கம் போயிற்று.)

டாக்டரிடம் போனால் ஊருக்கே தெரிந்துவிடுமே! ஆரியசாலைக் கடைத்தெருவில் கிணற்றுக்குப் போடுகிற பெர்மாங்கனேட் வாங்கினேன். ஒரு சிட்டிகை போதும் என்றார் கடைக்காரர். சிட்டிகைக்கு அடங்குகிற வியாதியா இது? கல்யாணத்துக்கு முந்தின நாள் வாளியில் தாராளமாகக் கொட்டி, முன்ஜாக்கிரதையாக இரண்டு காலையும் முக்கி உட்கார்ந்தேன். எடுத்தால், கணுக்கால் வரை காப்பிக்கொட்டை நிறம்! சோப்புக்கு மசியவில்லை. ஆனால் மஞ்சள் நகம் அதில் காணாமல் போயிருந்தது. அப்பாடா என்று இருந்தது.

மறுநாள் மேடையில் மாமனார் என் காலைத் தேய்த்தார். நிமிர்ந்து பார்த்தார். மறுபடி தேய்த்தார்.

"மாப்பிளை, கால்ல என்ன பத்தித்து?"

"செருப்புச் சாயம்" என்றேன், கம்பீரமாக.

மாமியார் சொம்பைக் கீழே வைத்தார். "இந்தக் காலோடயா எம்பொண்ணோட ஏழடி நடக்கப் போறேள்? யாராவது குத்துவிளக்கு தேய்ச்ச புளியைக் கொண்டாங்கோ!"

"மாமி, முகூர்த்தம் போயிண்டிருக்கு!" என்று வாத்தியார் மைக்கில் அலறினார்.

புளி வந்தது. மாமியாரே களத்தில் இறங்கினார். எனக்கோ உள்ளங்காலில் கூச்சம் அதிகம். நெளிந்தேன், துள்ளினேன், கடைசியில் கெக்கெக்கே என்று சிரித்தேன். ஆனால் கறை போயிற்று! கால் பளபளத்தது! அதன் நுனியில், வீடியோ வெளிச்சத்தில், மஞ்சள் நகம்.

"இது மட்டும் போமாட்டேங்கறதே!" என்று மாமியார் நகத்தைப் பிடித்துக்கொண்டார்.

வலி தாங்காமல் கத்தினேன்: "மாமி, விடுங்கோ! அது அழுக்கில்லை, பங்கஸ்!"

வாத்தியாரின் மைக் என் வாய்க்குப் பக்கத்தில் இருந்தது. மண்டபமே கேட்டது. நாதஸ்வரக்காரர் பாதியில் நிறுத்தினார். கல்யாணம் நின்றது என்றே நினைத்தேன்.

அப்போது பக்கத்து அறை வாசலிலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. கோமதி! கையில் மாலையோடு, கண்ணில் நீர் வழிய, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். எனக்கு அவள்மேல் காதல் வந்தது அந்த நிமிஷம்தான்.

(பிறகு டாக்டர் பார்த்தார். பங்கஸே இல்லையாம். கல்யாணத்துக்காக வாங்கி, போட்டுப் பழகிய இறுக்கமான ஷூ செய்த வேலை.)

போன மாதம் எங்கள் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். இனி கால் கழுவுகிற முறை என்னுடையது. கிளம்பும் நேரத்தில் மாப்பிள்ளைப் பையனைக் கோமதி தனியாகக் கூப்பிட்டாள்.

"ஷூவைக் கழட்டுங்கோ மாப்பிளை. புளி எவ்வளவு ஊறப்போடணும்னு பாக்கணும்."