காப்பு அக்காவும் நாற்பதாவது பட்டையும்

கம்ப்யூட்டருக்கு ரத்தக்கொதிப்பு வருமா என்று யாராவது கேட்டால், வரும் என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்வேன். வரவழைத்தவரையே எனக்குத் தெரியும். பதினோரு மாதம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கம்ப்யூட்டருக்கும் எனக்கும் சேர்த்தே மாத்திரை வாங்கவேண்டிய நிலைமைக்கு வந்தவள் நான். அவருக்கு வீட்டில் வைத்த பெயர் என்று ஒன்று உண்டு. வருகைப் பதிவேட்டைத் தவிர யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை. எங்கள் எல்லோருக்கும் அவர் காப்பு அக்கா.

தஞ்சாவூரிலிருந்து தெற்கே போகிற ஒரு சாலையில், இரண்டு பக்கமும் நெல் வயலாக வந்துகொண்டே இருக்கும்போது திடீரென்று நீலமும் மஞ்சளுமாக ராட்சதக் குழாய்கள் சுருண்டு நிற்கும். வாட்டர் தீம் பார்க். எந்தச் சாலை, என்ன பெயர் என்று கேட்காதீர்கள். அதை நடத்துகிறவர்கள் மேல் எனக்கு இன்னும் இருக்கும் ஆத்திரத்தில் பின்கோடு வரை எழுதிவிடுவேன்.

இன்ஜினியரிங் முடித்த கையோடு அங்கே எனக்கு வேலை. சிஸ்டத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சிஸ்டம் என்றால் கைப்பட்டை. சட்டைப் பொத்தான் அளவில் ஒரு சிப், அதைச் சுற்றி ரப்பர் வார். உள்ளே வருகிறவர் மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு ஸ்கேனரில் காட்டினால் கதவு திறக்கும், லாக்கர் திறக்கும், கேன்டீனில் பிரியாணி வரும். போகும்போது வாசல் பெட்டியில் பட்டையைப் போட்டால் என் திரையில் ஒரு தலை குறையும். உள்ளே இந்த நொடி எத்தனை பேர் என்று கேட்டால் நான் சொல்வேன். அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டே மத்தியானச் சோறு தின்றவள் நான். அவ்வளவு பிரியம்.

தட்டில் இருக்கும் பட்டையை எடுத்து அவரவரே மாட்டிக்கொள்ள வேண்டும், ஒரு ஆளுக்கு ஆறு விநாடி. சிஸ்டத்தை வடிவமைத்தவர்கள் போட்ட கணக்கு அது. பாவம், அவர்களுக்குக் காப்பு அக்காவைத் தெரியாது.

அக்கா முதலில் தரை துடைக்கத்தான் வந்தார். பட்டை கவுண்ட்டர் பெண் லீவு போட்ட ஒரு நாள் அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. இருபது வருஷம் நாற்றுப் பறித்து முடி கட்டிய கை அது. ஒரு பிடி நாற்றைச் சேற்றில் அலசி, ஒரு நாற்றாலேயே சுற்றிக் கட்டிப் பின்னால் எறிவார்களே, அந்த வேகம். பட்டையை மாட்டி, மீதி வாலை இரண்டு முறுக்கு முறுக்கி உள்ளே செருகினால் முடிந்தது. பயில்வான் வந்தாலும் பிரிக்க முடியாது. சாயங்காலம் அக்கா சுண்டுவிரலால் ஒரு சுண்டு சுண்டினால்தான் விடும்.

இத்தோடு நின்றிருந்தால் நான் ஏன் இதை எழுதப்போகிறேன்? அவர்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் காப்பு கட்டுகிறவர் அக்காவின் அண்ணன். காப்பு கட்டிவிட்டால் திருவிழா முடிகிறவரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது, கவுச்சி கூடாது, கட்டின கையேதான் அவிழ்க்க வேண்டும். அந்தச் சட்டத்தை ஒரு ஷரத்துகூடக் குறைக்காமல் எங்கள் பார்க்கில் அமல்படுத்திவிட்டார் அக்கா. வாசலில் வரிசை சாலைவரை நிற்கும். அக்கா கையைப் பிடித்துக்கொண்டு விசாரிப்பார்.

"எந்த ஊரு?"

"பேராவூரணிங்க."

"யாரு கூட வந்த? ... ஓ, மச்சான் கூடவா? சரி. வளையல மேல ஏத்திக்க. கட்டிட்டேன். சுத்தமா இருக்கணும், போ."

இந்த 'சுத்தமா இருக்கணும்' ஒரு பெரிய கலவரத்தில் முடிந்தது. குளத்தில் இறங்கும்முன் ஷவரில் நில் என்ற அர்த்தத்தில்தான் அக்கா சொன்னார். கையில் காப்பு மாதிரி கட்டிவிட்டு அப்படிச் சொன்னால் ஜனங்கள் என்ன நினைக்கும்? ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் மூன்று பஸ் கூட்டம் மொத்தமும் கேன்டீனில் தயிர்சாதம் மட்டும் கேட்டது. சிக்கன் பிரியாணி அண்டாவோடு மிஞ்ச, மாஸ்டர் கரண்டியோடு வாசலுக்கே வந்துவிட்டார்.

"யக்கா, உனக்கும் எனக்கும் என்ன வாய்க்கா வரப்புச் சண்டையா? ஏன் என் பொழப்பக் கெடுக்கற?"

"நான் குளிக்கத்தானேய்யா சொன்னேன்."

"குளிச்சிட்டு நேரா விரதத்துக்குப் போயிட்டாங்க, போய்ப் பாரு!"

அடுத்தது எல்லைத் தகராறு. பட்டை கட்டியவர் வெளியே போய்விட்டு மறுபடி வரலாம், என் சிஸ்டம் அதற்குப் பச்சை விளக்குக் காட்டும். அக்கா காட்ட மாட்டார். கும்பகோணத்துக்காரர் ஒருவர் காரில் விட்ட சார்ஜரை எடுக்கப் போக வேண்டும் என்றார்.

"கட்டியாச்சுல்ல. எல்லை தாண்டாதீங்க."

"ஏம்மா, கார் அதோ நிக்குதும்மா!"

"நிக்கட்டுமே. அதுக்கா கட்டினேன்?"

அவர் எழுதிய புகார் இரண்டு பக்கம். கூத்தாநல்லூரிலிருந்து வந்த ஒரு குடும்பத்துப் பெரியவர், வெளிநாட்டுப் பார்க்குகளில் இதெல்லாம் மெஷினே செய்யும் என்று பொறுமையாக விளக்கினார். "அங்க மெஷின் கட்டட்டும் பாய், இங்க நான் இருக்கேன்ல" என்று அவர் கையையும் பிடித்துக் கட்டிவிட்டார் அக்கா.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆறு விநாடி முப்பது ஆகிறது, ஒரு கேட் முழுக்க முடங்கிக் கிடக்கிறது. "அக்கா, சிஸ்டம் எல்லாத்தையும் பாத்துக்கும், நீங்க சும்மா இருந்தாலே போதும்" என்று தினம் ஒருமுறையாவது சொல்வேன். அவர் என் திரையை எட்டிப் பார்த்து, "இதுல எல்லாம் நம்பராத்தான இருக்கு தங்கச்சி, கை எங்க?" என்பார். உட்கார்ந்து நாலு பக்கம் ரிப்போர்ட் எழுதினேன். பட்டையை மெஷினே கொடுக்கட்டும், கவுண்ட்டரில் ஆளே தேவையில்லை என்று வண்ண வண்ண வரைபடங்களோடு மேனேஜருக்கு அனுப்பினேன். நான்தான். வேறு யாரும் இல்லை.

அந்த ரிப்போர்ட்டைப் பார்த்து முதலாளியே ஒருநாள் வந்தார். வெளியேறும் வாசல் எவ்வளவு வேகமாகக் காலியாகிறது என்று நேரில் பார்க்க வேண்டுமாம். மேனேஜர் காலையிலேயே அக்காவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "இன்னிக்கு மட்டும் கேட்ல லேட்டாச்சு, நாளைலேருந்து நீங்க வர வேண்டாம். புரியுதா?" அக்காவுக்கு இரண்டு பெண்கள், பெரியவள் அப்போதுதான் நர்ஸிங் சேர்ந்திருந்தாள். அக்கா தலையை ஆட்டினார்.

அன்றைக்கு வேளாங்கண்ணிக்குத் தெற்கே ஒரு கடற்கரைக் கிராமத்திலிருந்து மீன் விற்கும் பெண்கள் நாற்பது பேர், இரண்டு வேனில் வந்திருந்தார்கள். அலைக்குளத்தைப் பார்த்து அப்படிச் சிரித்த கூட்டத்தை நான் பார்த்ததில்லை. "இதுக்குப் பேரு அலையாடி? எங்க வூட்டு அண்டாவுல இதவிடப் பெருசா அடிக்கும்!"

மாலை ஐந்தரைக்கு அவர்கள்தான் கடைசி. முதலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அக்கா வாயே திறக்காமல் சுண்டு, சுண்டு என்று சுண்டித் தள்ளினார். கடைசியாக வந்த குழுத் தலைவியம்மா தன் கையை நீட்டி அவிழ்த்துக்கொண்டு, இடுப்புப் பையிலிருந்து இன்னொரு பட்டையை எடுத்து அவரே பெட்டிக்குள் போட்டார். என் திரையில், ஊழியர்களைக் கழித்தால், பூஜ்ஜியம். உள்ளே யாரும் இல்லை. கடிகாரத்தைப் பார்த்தேன். பதினோரு நிமிஷம். முதலாளியைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கினேன். வேன்கள் உறுமின. பம்ப்பை நிறுத்தச் சொல்லி உள்ளே போன் போனது. இன்னும் கால் மணி நேரத்தில் மொத்தக் கரண்ட்டையும் அணைத்துப் பூட்டிவிடுவார்கள்.

அக்கா பெட்டியைத் திறந்து, மேலே கிடந்த பட்டையை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். அப்புறம் நேராகப் போய் வேன் வெளியேறும் தடுப்புக் கம்பியை இறக்கி, அதன்மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"ஒரு கை உள்ள இருக்கு."

மேனேஜர் ஓடினார். "என்னம்மா இது? எறங்கும்மா கீழ!"

"நாப்பது கட்டினேன் சார். முப்பத்தொம்பதுதான் அவுத்தேன். இது நான் போட்ட முறுக்கு, அப்படியே இருக்கு பாருங்க. தேங்கா எண்ண வாட வருது. தடவி உருவியிருக்காங்க."

"ஏய், சிஸ்டத்துல பாரும்மா!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார்.

பார்த்தேன். பூஜ்ஜியம். "அக்கா, நாற்பது பட்டையும் வந்தாச்சு அக்கா. எறங்குங்க, உங்க வேலை போயிடும்" என்றேன். சொல்லும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவருக்காகவா, என் பதினோரு நிமிஷத்துக்காகவா என்று இன்றுவரை என்னால் சத்தியம் செய்ய முடியாது.

"பட்டை வந்துச்சு தங்கச்சி. ஆளு வரல."

முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். மேனேஜர் அக்காவின் கையைப் பிடித்து இழுக்கப் போனவர், அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அக்கா குதித்து இறங்கி வேன் ஜன்னலைத் தட்டினார். "எல்லாரும் கைய நீட்டுங்க!"

ஜன்னல் ஜன்னலாகக் கைகள் நீண்டன. நாள் முழுக்க அந்த இறுக்கத்தில் இருந்த மணிக்கட்டுகள், ஒவ்வொன்றிலும் சிவப்பாக ஒரு வரி. முதல் வேனில் பத்தொன்பது. இரண்டாவது வேனில் இருபது.

தலைவியம்மா முகம் வெளுத்தது. "இது செல்லம்மாக்காவோடது. கை வலிக்குதுன்னு மத்தியானம் உருவி எங்கிட்டக் குடுத்துச்சு. அந்தக்கா பின் வண்டியில இருக்குல்ல?"

பின் வண்டியிலிருந்து குரல் வந்தது. "முன் வண்டியிலதான ஏறுச்சு?"

எல்லோரும் ஓடினோம். பெண்கள் உடை மாற்றும் வரிசையின் கடைசி அறை. வெளியே ஒலிபெருக்கியில் பாட்டு அலறிக்கொண்டிருந்ததால் உள்ளே தட்டியது யார் காதிலும் விழவில்லை. தாழ்ப்பாள் சிக்கியிருந்தது. உடைத்துத் திறந்தால், ஈரத் தலையோடு, புடவையை ஒழுங்காகக் கட்டிக்கொண்டு, இடுப்பில் கை வைத்து நின்றார் செல்லம்மா.

"எவடி அவ, எண்ணிப் பாக்காமப் போனவ? மீன் கூடையக்கூட ஒருநாளும் இப்படி மறந்து வச்சிட்டுப் போனதில்லடி நீங்க!"

திட்டிக்கொண்டே வந்தவர் வாசலில் அக்காவைப் பார்த்ததும் நின்றார். வரி மறைந்திருந்த வெறும் கையை நீட்டினார். அக்கா அந்த மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டினார். "ம்... இப்பப் போங்க."

இங்கேதான் உங்கள் ரத்தமும் கொதிக்க வேண்டும். மறுநாள் தலைமை அலுவலகத்திலிருந்து மெயில் வருகிறது. விருந்தினர் பாதுகாப்பில் நமது ஸ்மார்ட் பட்டை மீண்டும் தன் திறமையை நிரூபித்ததாம்! எனக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸ், ஒரு பாராட்டுக் கடிதம். பூஜ்ஜியம் என்று சொன்ன சிஸ்டத்துக்கு மாலை. பட்டையை மோந்து பார்த்தவருக்கு, 'வாசலை முப்பத்தைந்து நிமிடம் முடக்கியது' என்று மெமோ. நடந்தது இதுதான் என்று மூன்று முறை பதில் எழுதினேன். மூன்றாவதில் எழுத்துகளெல்லாம் தடித்துச் சிவப்பாக இருந்தன. ஒன்றுக்கும் பதில் இல்லை. மேனேஜர் அறைக்குப் போய்க் கத்தினேன். அவர் அமைதியாக ஒரு கோப்பைத் திறந்து காட்டினார். ஆள் தேவையில்லை என்று வண்ண வண்ணமாய் நான் எழுதிய அதே ரிப்போர்ட்.

அடுத்த மாதம் மெஷின் வந்தது. அன்று காலையும் வழக்கம்போல ஊழியர்களுக்கெல்லாம் அக்காதான் கட்டினார். என் கையைப் பிடித்து, "மெலிஞ்சிட்ட, சாப்பிடு" என்று இரண்டு முறுக்குப் போட்டார். மூன்று மணிக்குக் கூப்பிட்டுக் கணக்கை முடித்து, காய்கறி வண்டி வருகிற பின்வாசல் வழியாக அனுப்பிவிட்டார்கள். முன்வாசல் வழியாக அனுப்பக்கூட அவர்களுக்கு மனசு வரவில்லை. சாயங்காலம் எல்லோரும் பட்டையைக் கத்தரியால் வெட்டிப் பெட்டியில் போட்டார்கள். நான் போடவில்லை. அன்று இரவு முழுக்க என் திரை, உள்ளே ஒரு ஆள் பாக்கி என்று மின்னிக்கொண்டே இருந்ததாம்.

நான் அந்த வேலையை விட்டுப் பல மாதம் ஆகிறது. சிப் செத்துவிட்டது, எந்தக் கதவும் திறப்பதில்லை. அக்கா நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தைக்கும் இடத்தில் இருக்கிறார். அங்கேயும் என்னென்ன சட்டம் போட்டிருக்கிறாரோ, அந்த ஆபீசரை நினைத்தால் பாவமாக இருக்கிறது. அவ்வப்போது போன் வரும்.

"தங்கச்சி, இன்னும் கையில இருக்கா?"

"இருக்குக்கா."

"எண்ண தடவி உருவிப் பாத்தியா?"

"இல்லக்கா."

"பொய்யி. சரி, திருவிழாவுக்கு வா. நான்தான அவுக்கணும்."

போனேன். மாவிளக்கு சாப்பிட்டேன், அக்காவின் பெண்கள் இரண்டு பேரோடும் ராட்டினம் சுற்றினேன். பஸ் ஏறும் நேரத்தில் அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, கையை நீட்டு என்றார். நான் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவிழ்த்தால் அவர் கணக்கில் ஒரு கை குறைந்துவிடுமே.