நான் நடுவுல வரல

தனியாக நிற்கும் மனிதரைக் கண்டால் சிலர் ஒதுங்கிப் போவார்கள். சிலர் கைப்பேசியைப் பார்ப்பதுபோலப் பாசாங்கு செய்து கடந்துவிடுவார்கள். மூன்றாவதாக ஒரு ரகம் உண்டு. அவர்களுக்குக் கை துறுதுறுக்கும், கால் பரபரக்கும். தனியாக நிற்பவரின் தோளில் ஒரு கையையும், அந்தப் பக்கம் தன் பாட்டுக்குத் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பவரின் தோளில் மறு கையையும் போட்டு, "உங்க ரெண்டு பேருக்கும் பழக்கம் இல்லையா? என்னங்க இது அநியாயம்" என்று பக்கத்தில் பக்கத்தில் இழுத்து நிறுத்தினால்தான் அன்றைக்கு அவர்களுக்குச் சோறு இறங்கும். இவர்கள்தான் சேர்த்துவைப்பவர்கள். கல்யாண வீட்டில், ஆஸ்பத்திரி வராந்தாவில், ரயில் பெட்டியில் எல்லாம் நீங்கள் இவர்களைப் பார்த்திருப்பீர்கள், தப்பித்தும் இருப்பீர்கள். ஆனால் முழு வீச்சில் பார்க்கவேண்டும் என்றால் கேம் ஜாமுக்குத்தான் போகவேண்டும்.

ஜாம் என்றதும் ரொட்டியைத் தேடாதீர்கள். சொந்தமாக ஒரு கணினி விளையாட்டைச் செய்துவிடவேண்டும் என்ற ஆசை பிடித்தவர்கள், முதலாளியும் இல்லாமல் முதலும் இல்லாமல், ஒரு சனிக்கிழமை காலையில் ஓர் இடத்தில் கூடுவார்கள். முன்பின் தெரியாதவர்கள் நாலு பேர், ஐந்து பேராகச் சேர்ந்து, ஞாயிறு மாலைக்குள் ஒரு சின்ன கேம் செய்து பெரிய திரையில் காட்டவேண்டும். அவ்வளவுதான் விஷயம். இதில் சிக்கல் ஒன்றே ஒன்று. இந்த ஆசை பிடிக்கிறவர்கள் பெரும்பாலும் வாயைத் திறக்காதவர்கள். பெற்ற தாயிடமே அளந்து பேசுகிறவர்கள். அப்படி நாற்பது பேரை ஒரே கூடத்தில் விட்டால் என்ன ஆகும்? நாற்பது பேரும் சுவரோரமாகப் போய் நிற்பார்கள். சுவர் போதாது. அந்த நேரத்தில்தான் கோந்து அண்ணன் உள்ளே வருவார்.

கோந்து என்பது அம்மா அப்பா வைத்த பெயரல்ல. எந்த இரண்டு பேரையும் ஒட்டிவிடுவார், ஒட்டியபின் பிரித்தெடுக்கக் கொஞ்சம் வலிக்கும் என்பதால் ஜாமுக்கு வருகிறவர்கள் வைத்தது. நாற்பதைத் தாண்டிய, வட்டமான, சிரித்த முகம். லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் புகார் ஃபோன் எடுக்கும் வேலை. லிஃப்ட் பாதி வழியில் நின்று, உள்ளே மாட்டிக்கொண்டவர் பதறிப்போய்ப் பொத்தானை அழுத்தினால் கேட்கும் குரல் அவருடையதுதான். பயப்படாதீர்கள், ஆள் வந்துகொண்டிருக்கிறார் என்று சொல்லி வைத்துவிட்டால் வாங்கும் சம்பளத்துக்குப் போதும். இவர் அதோடு விடுவாரா? உள்ளே கூட யார் இருக்கிறார்கள், அவர் பெயர் என்ன, கேட்டீர்களா, கேளுங்கள், நான் லைனிலேயே இருக்கிறேன் என்பார். வருஷக்கணக்காக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஏறி இறங்கிய இருவர், மெக்கானிக் வந்து கதவைத் திறந்தபோது "கொஞ்சம் இருங்க, பேசிட்டிருக்கோம்" என்று சொன்னதாக ஒரு கதை உண்டு. அதை அண்ணன் மட்டும்தான் சொல்கிறார்.

ஜாமுக்கு அவர் கொண்டுவரும் பையில் லேப்டாப்பை விட முக்கியமாக மூன்று சாமான்கள் இருக்கும்: பெயர் எழுதி நெஞ்சில் ஒட்டும் ஸ்டிக்கர் கட்டு, மார்க்கர் பேனாக்கள், பூசணிக்காய் அளவுக்கு ஒரு கம்பளி நூல் உருண்டை. எல்லோரையும் வட்டமாக நிறுத்துவார். பெயரைச் சொல்லவேண்டும், தெரிந்த வேலையைச் சொல்லவேண்டும், விலங்காகப் பிறந்திருந்தால் எந்த விலங்கு என்று சொல்லவேண்டும். முதல் ஆள் பூனை என்பார். கேம் செய்கிறவர்களுக்குக் கற்பனைக்குப் பஞ்சமில்லை என்று கேள்விப்பட்டிருக்கிறோம் அல்லவா? மிச்சம் முப்பத்தொன்பது பேரும் பூனை என்பார்கள். பிறகு நூல் உருண்டை. ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு எதிரே நிற்பவரிடம் எறியவேண்டும், அவர் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு இன்னொருவரிடம் எறியவேண்டும், கடைசியில் நாம் எல்லோரும் ஒரே வலையால் இணைந்திருக்கிறோம் என்பது கண்ணுக்கே தெரியும் என்பது தத்துவம். நடப்பது என்னவென்றால், நூல் போய் லேப்டாப் சார்ஜர் வயர்களோடு பின்னிக்கொள்ளும். அதைப் பிரிக்கக் குனிகிறவர்கள் தலையோடு தலை முட்டிக்கொள்வார்கள். முட்டியவர்கள் ஸாரி சொல்லிக்கொள்வார்கள். "பேச ஆரம்பிச்சிட்டாங்க பாருங்க" என்று அண்ணன் பூரித்துப்போவார். கேலி ஒரு பக்கம் இருக்கட்டும், நியாயத்தையும் சொல்லவேண்டும். அந்த முட்டலில்தான் பாதிக் குழுக்கள் பிறக்கின்றன.

சேர்த்துவைத்துவிட்டுப் போய்விட்டால் அவரைக் கோயில் கட்டிக் கும்பிடலாம். போகமாட்டார். "நான் நடுவுல வரல, நீங்க பேசுங்க" என்பார். சொல்லிக்கொண்டே ஒரு நாற்காலியை இழுத்து, சரியாக இருவருக்கும் நடுவில் போட்டு, உட்காருவார். பிறகு இவர் சொல்வதை அவருக்கு விளக்குவார், அவர் சொல்வதை இவருக்கு விளக்குவார். இருவரும் பேசுவது ஒரே மொழிதான்.

சரி, இத்தனை ஜாம் பார்த்த மனிதர் செய்த கேம் எது? அதைக் கேட்காதீர்கள். ஒன்றும் இல்லை. ஒவ்வொரு கேமும் முடியும்போது செய்தவர்களின் பெயர்கள் திரையில் வரிசையாக வரும். அந்த வரிசையில் அண்ணன் பெயர் இதுவரை வந்ததே கிடையாது. அவரிடம் யோசனை இல்லாமல் இல்லை. பாதி வழியில் நின்ற லிஃப்ட்டுக்குள் இரண்டு பேர். மெக்கானிக் வருவதற்குள் அவர்களைப் பேசவைக்கவேண்டும். இதை மனதில் சுமந்துகொண்டே வருவார், யாரிடமாவது சொல்லலாம் என்று எழுந்திருப்பார், வழியில் எவனாவது தனியாக நிற்பான், அவ்வளவுதான். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று அவர் நம்பியிருந்தார். தன் பிள்ளை வளரவில்லை.

இந்தத் தடவை கிளம்பும்போது அவருடைய அக்கா வாசலில் நின்று கேட்டுவிட்டாள். "ஊர்ல உள்ளவங்களை எல்லாம் ஒட்டிவைக்கிறியே, உன்னை யாராவது சேர்த்துக்கிட்டாங்களாடா?"

அண்ணனுக்குச் சுருக்கென்று தைத்தது. "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நீயே வந்து பாரு. திரையில என் பேரு வரும்" என்று சொல்லிவிட்டார். வாய் தவறிச் சொன்னதல்ல, உண்மையிலேயே அவருக்கு அது வேண்டியிருந்தது.

சனிக்கிழமை காலையில் வட்டம் முடிந்ததும் லிஃப்ட் கதையோடு ஒரு குழுவை நோக்கி நடந்தார். வழியில் இசை அமைப்பவர் ஒருவர் ஜன்னலோடு பேசிக்கொண்டிருந்தார். அவரைக் கொண்டுபோய் அதே குழுவில் சேர்த்தார். குழுவில் இடம் தீர்ந்தது. அடுத்த குழு. அங்கே போகும் வழியில் கணக்கு வாத்தியார் ஒருவர் பிஸ்கட் தட்டுக்குக் காவல் நிற்பதுபோல நின்றார். அவரையும் சேர்த்தார். இப்படியே போனால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரிகிறது, எனக்குத் தெரிகிறது. அண்ணனுக்கு மட்டும் தெரியவில்லை.

ஜெராக்ஸ் மெஷின் பக்கத்து மேஜையில்தான் அவர் கண் கடைசியாகப் போய் விழுந்தது. வங்கியில் புரோகிராம் எழுதும் நெட்டையன் ஒருவன். மருந்து டப்பாக்களுக்குப் படம் போடும் பெண் ஒருத்தி, காதில் எப்போதும் ஹெட்போன். இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில், ஒரு வார்த்தை பேசாமல், தத்தம் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டு. அண்ணனுக்கு நெஞ்சே பதறிவிட்டது.

அவர்கள் காலையிலேயே கூட்டுச் சேர்ந்துவிட்டார்கள் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? நூல் பிரிக்கும்போது முட்டிக்கொண்டவர்களில் அவர்களும் சேர்த்தி. ஸாரி சொன்னார்கள்; அதற்குமேல் பேசத் தேவைப்படவில்லை. இரண்டு பேர் ஒரு நீளமான கண்ணாடிப் பலகையை உடையாமல் வீடு முழுக்கத் தூக்கிக்கொண்டு போகும் கேம். அவள் படம் வரைந்து அனுப்பினால் அவன் திரையில் அது நடக்கும். பிடித்தால் தலையாட்டுவான், பிடிக்காவிட்டால் புருவத்தைச் சொறிவான். வேலை ஜோராக ஓடிக்கொண்டிருந்தது.

சிவபூஜையில் கரடி நுழைந்தது. அண்ணன் அறிமுகம் செய்துவைத்தார், நாற்காலியை நடுவில் போட்டார், நான் நடுவுல வரல என்றார். இருவரும் தலையாட்டினார்கள். டீ நேரத்தில் மறுபடி வந்தார். அப்போதும் மௌனம். மறுபடி அறிமுகம். மூன்றாம் தடவை வந்தபோது அந்தப் பெண் ஒரு தாளில், "நாங்கள் அறிமுகம் ஆகிவிட்டோம், நன்றி" என்று கொட்டை எழுத்தில் எழுதி மேஜையில் நிறுத்திவைத்திருந்தாள். வேறு யாராக இருந்தாலும் புரிந்துகொண்டு நகர்ந்திருப்பார்கள். அண்ணன் அதைப் படித்தார், கண் கலங்கினார். பாவம், எழுதிக் காட்டும் அளவுக்குக் கூச்சமா? இந்த ஜோடி ஒத்துவராது என்று அங்கேயே முடிவு செய்தார். நெட்டையனைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் வாயாடிகள் நிறைந்த ஒரு குழுவில் உட்காரவைத்தார். அவளைக் கூடத்தின் மறுகோடியில் இன்னொரு குழுவில். முடியாது என்று சொல்லத் தெரிந்தவர்களாக இருந்தால் அவர்கள் ஏன் ஜாமுக்கு வருகிறார்கள்? இருவரும் போனார்கள். அன்று மதியம் முழுக்க அவர்கள் கேமில் கண்ணாடிப் பலகை வீட்டின் நடுக்கூடத்திலேயே நின்றது.

சாயங்காலம் அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். சுவரோரம் யாரும் இல்லை. எல்லா மேஜையிலும் பேச்சு, சிரிப்பு, சண்டை. ஜெராக்ஸ் மெஷின் பக்கம் மட்டும் அந்த இருவரும் எப்படியோ நழுவி வந்து பழையபடி உட்கார்ந்திருந்தார்கள். முதல் தடவையாகக் கோபத்தோடு வேகமாகத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்கள் என்பதை அவர் கவனிக்கவில்லை. கவனித்ததெல்லாம் வேறு. எந்த மேஜையிலும் காலி நாற்காலி இல்லை. கூடத்தில் தனியாக நிற்கிற ஒரே ஆள் அவர்தான். யாராவது வந்து தன் தோளில் கை போடமாட்டார்களா என்று சற்று நேரம் அப்படியே நின்றார். அந்த வேலையைச் செய்யத் தெரிந்த ஆள் அங்கே வேறு யாரும் இல்லை.

மறுநாள், வரவேண்டாம் என்று சொல்ல அக்காவுக்கு ஃபோன் செய்தார். அவள் ஏற்கெனவே பஸ் ஏறியிருந்தாள். கொண்டுவந்த கைக்குட்டையை மடித்துக்கொண்டு கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தும் விட்டாள்.

ஒவ்வொரு கேமாகத் திரையில் வந்தது, பெயர்கள் வந்தன, கைதட்டினார்கள். அக்கா ஒவ்வொரு பெயர்ப் பட்டியலையும் வாய்விட்டுப் படித்தாள். கடைசியாக ஜெராக்ஸ் மேஜைக்காரர்களின் கேம். வீடு, கண்ணாடிப் பலகை, தூக்கிக்கொண்டு போகும் இருவர். கதவு திறந்தது. நெஞ்சு நிறைய ஸ்டிக்கர் ஒட்டிய ஒரு வட்ட மனிதர், கையில் நூல் உருண்டையோடு, "நான் நடுவுல வரல" என்ற எழுத்துகள் தலைக்கு மேல் மிதக்கச் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். அவர் மேல் பட்டால் போச்சு. இருவரும் ஆளுக்கொரு மூலைக்குப் பறப்பார்கள், பலகை தூள். அவரிடம் மாட்டாமல் பலகையைக் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும், அதுதான் கேம்.

கூடம் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. அக்கா கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். அண்ணனும் சிரித்தார்; ஆனால் கொஞ்சம் பிந்தித்தான் சிரித்தார். அவமானமாக இருந்தது. ஆட ஆள் வேண்டும் என்றதும் ஆளாளுக்கு ஓடிப்போய் ஆடினார்கள், வட்ட மனிதரைக் கண்டு அலறி அலறி ஓடினார்கள், தோற்றார்கள். பிறகு யாரோ, "அண்ணன் ஆடட்டும்" என்று சொல்ல, கன்ட்ரோலர் அவர் கைக்கு வந்தது.

கதவு திறந்தது. வட்ட மனிதர் வந்தார். கோந்து அண்ணன் திரைக்குள் பலகையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, நேராக அவரிடம் போய், எதிரே நின்றார். அவரைப் பொறுத்தவரை அது தோற்கும் வழியல்ல. அறைக்குள் ஒரு மனிதர் தனியாக வந்திருக்கிறார், வேறென்ன செய்வது?

கேம் அப்படியே உறைந்து நின்றது.

ஜெராக்ஸ் மேஜைக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நெட்டையன் புருவத்தைச் சொறிந்தான். அந்தப் பெண் ஹெட்போனைக் கழற்றினாள். அவள் குரலை அந்தக் கூடம் அப்போதுதான் கேட்டது.

"பலகையை வெச்சிட்டு அவர்கிட்ட யாராவது போவாங்கன்னு நாங்க நினைக்கவே இல்லை. அதுக்கு எதுவுமே எழுதலை."

நெட்டையன் ஒரு நாற்காலியை இழுத்துத் தங்கள் இருவருக்கும் நடுவில் போட்டான். "உக்காருங்கண்ணே. அவர் அடுத்து என்ன பண்ணுவார்னு நீங்கதான் சொல்லணும்."

அண்ணன் நாற்காலியைப் பார்த்தார். அதைத் தூக்கி மேஜையின் ஓரத்தில் போட்டுக்கொண்டார். "நடுவுல வேணாம்பா. இங்கிருந்தே தெரியுது" என்றார். அதற்குப் பிறகு, நம்பினால் நம்புங்கள், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். மற்றவர்கள் பையைக் கட்டி நாற்காலிகளை அடுக்கும்வரை மூவரும் தலை நிமிரவில்லை. கடைசியில் திரையில் வட்ட மனிதர் நூல் உருண்டையைக் கீழே வைத்துவிட்டு, பலகையின் ஒரு முனைக்குக் கை கொடுத்தார். பலகை வீடு தாண்டியது. பெயர்கள் வந்தன. மூன்று பெயர்கள். மூன்றாவது, அம்மா அப்பா வைத்த பெயர்.

அண்ணன் கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தார். அக்கா படித்தாளா? அக்கா திரையைப் பார்க்கவே இல்லை. மின்விளக்கை அணைக்கக் காத்திருந்த காவலாளியையும், குப்பைக் கூடையோடு வந்த துப்புரவுப் பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, "ஒரே இடத்துல வேலை பார்க்கிறீங்க, பேரு தெரியாதா? என்னங்க இது அநியாயம்" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பெயரை அவர் இரண்டாம் தடவை போட்டுக் காட்டவேண்டியதாயிற்று. அப்போது அவள் சத்தமாகப் படித்தாள், காவலாளியையும் படிக்கச் சொன்னாள்.

இவ்வளவு தூரம் வந்த உங்களுக்கு ஒரு வார்த்தை. இதைப் படிக்கும்போதே, அட, இது நம்ம இன்னார்தான் என்று ஒருவர் நினைவுக்கு வந்தாரா? வரட்டும், தப்பில்லை. இதை அவருக்குக் காட்டவேண்டும் என்று தோன்றியதா? அதுவும் பரவாயில்லை. ஆனால் அவரை மாதிரியே இன்னொருவரையும் எனக்குத் தெரியுமே, இருவரும் ஒருவரையொருவர் அறியாமலே இருக்கிறார்களே என்று மனது அடித்துக்கொண்டால், மெல்லக் குனிந்து உங்கள் கையைப் பாருங்கள். அது இந்நேரம் ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டிருக்கும்.