எதிரில் என்ன கம்பி?

கல்யாணத்துக்கு முன்பே மனைவியைக் காதலித்தவர்கள் நிறையப் பேர். நான் கல்யாணத்துக்கு முன்பு என் மனைவியைப் பார்த்துப் பொறாமைப்பட்டவன். சும்மா இல்லை, வயிறு எரிய எரிய.

இரண்டாயிரங்களின் கடைசி. புனேயில் ஓர் ஆய்வுக்கூடத்தில் நானும் சித்ராவும் ஒரே பேராசிரியரிடம் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தோம். தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சி ஹைட்ரஜனைப் பிரிக்க பிளாட்டினம்தான் சிறந்த வினையூக்கி. விலையோ யானை விலை, குதிரை விலை. அதற்குப் பதிலாக கோபால்ட், நிக்கல் என்ற இரண்டு மலிவான உலோகங்களைக் கரிமச் சட்டகத்துக்குள் பூட்டிப் படிகமாக்கி, உலையில் சுட்டு, கறுப்புப் பொடியாக எடுப்பது எங்கள் வேலை. (சமையல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் ஒரே செய்முறை.)

அவள் படிகங்கள் நாவல்பழ நிறத்தில் மின்னும். என்னுடையவை சேறு. அவள் பொடியில் ஹைட்ரஜன் கொப்பளிக்கும். என் பொடியை உற்றுப் பார்த்தால் ஒரு குமிழி தெரியும். போதாததற்கு, அவள் புனேயிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண்; தமிழிலும் 'யார்', 'நா' என்று இந்தி வால் ஒட்டிக்கொண்டிருக்கும். வாசல் டீக்காரர் அவளோடு மராத்தியில் சிரித்துப் பேசி முதல் டீயை நீட்டுவார். என் 'ஏக் சாய்' திருநெல்வேலியைச் சுற்றிக்கொண்டு அவர் காதுக்குப் போவதற்குள் பால் தீர்ந்திருக்கும். வானவடிப் பகுதி வீட்டிலிருந்து அவள் ஸ்கூட்டர் வந்து நிற்கும் சத்தம் கேட்டாலே எனக்குப் புளித்த ஏப்பம் வரும்.

இந்த நிலையில் பேராசிரியர் ஒரு குண்டைப் போட்டார். வெளிநாட்டுக் கருத்தரங்குக்கு எங்களில் ஒருவரைத்தான் அனுப்ப முடியும். யாருடைய வினையூக்கி நன்றாக வேலை செய்கிறதோ அவருக்கே டிக்கெட். அதுவரை விமானத்தை அண்ணாந்து மட்டுமே பார்த்திருந்தவன் நான்.

சோதனைக்கு அமிலத்தில் இரண்டு முனைகள் வேண்டும். ஒன்றில் நம் பொடி, எதிரில் கிராஃபைட் கம்பி. இருந்த ஒரே கிராஃபைட் கம்பி சித்ராவின் மேசையில் கிடந்தது. "கொஞ்சம் தா" என்று கேட்டால் போதும். அதைவிட நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு. அலமாரியில் பழைய பிளாட்டினக் கம்பி ஒன்று அகப்பட்டது. அதை மாட்டினேன்.

அதிசயம் நடந்தது. மற்ற வினையூக்கிகள் நேரம் ஆக ஆகத் தளரும். என்னுடையது தேறிக்கொண்டே போனது. சாயங்காலத்துக்குள் சித்ராவின் பொடியைத் தாண்டி, பிளாட்டினத்தையே எட்டிப் பிடித்துவிட்டது! (இங்கேயாவது சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.) உடனே அம்மாவுக்கு போன் போட்டேன்.

"பிளாட்டினம் இல்லாமலே பிளாட்டினம் மாதிரி செஞ்சிட்டேம்மா!"

"பிளாட்டினம்னா என்னல?"

"தங்கத்தவிட ஒசத்திம்மா."

"அப்போ அது இல்லன்னு ஏம்ல சந்தோசப்படுத?"

மறுநாள் எல்லோருக்கும் பேடா. சித்ராவுக்கு மட்டும் இரண்டு. (பெருந்தன்மை.) வரைபடத்தைத் திரையில் போட்டதும் பேராசிரியர் "அரே வா!" என்றார். நான் மனதுக்குள் பெட்டி கட்ட ஆரம்பித்தேன்.

சித்ரா பேடாவை மென்றபடி, "சூப்பர் யார்! ஒண்ணே ஒண்ணு சொல்லு. எதிர்ல என்ன போட்டே?" என்றாள்.

"கம்பி."

"என்ன கம்பி?"

"பிளாட்டினம்" என்றேன், எனக்கே கேட்காத குரலில்.

பேராசிரியர் கையில் பேடா பாதியில் நின்றது. கம்பியிலிருந்த பிளாட்டினம் அமிலத்தில் கரைந்து, மெல்ல நகர்ந்து, என் பொடிமேல் போய்ப் படிந்திருக்கிறது. ஹைட்ரஜன் தந்ததெல்லாம் அந்தப் புண்ணியவான்தான். என் மலிவுப் பொடி சும்மா உட்கார்ந்திருந்திருக்கிறது.

"கேட்டிருந்தா கிராஃபைட் ராடைக் குடுத்திருப்பேன் நா!" என்றாள் சித்ரா. கேலிகூட இல்லை, நிஜமான வருத்தம். அதுதான் தாங்கவில்லை. கிராஃபைட் கம்பியை வாங்கி மறுபடி ஓட்டினேன். பழைய அதே ஒற்றைக் குமிழி.

அவள் விமானம் ஏறினாள். அவள் வாங்கி வந்த சாக்லேட்டை வயிற்றெரிச்சலோடு முழுசாகத் தின்றேன். அப்புறம் கம்பி கேட்கிற சாக்கில் பேசிப் பேசி, அது கல்யாணம் வரை போனது.

இப்போது எங்கள் மகள் கணக்கில் பரிசு வாங்கி வந்தால் நான் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "எல்லாம் என் மூளை" என்பேன்.

"அப்பா, எதிர்ல என்ன கம்பி?" என்பாள், இந்தக் கதையைக் கேட்டே வளர்ந்த மகள்.

எதிரில் சித்ரா உட்கார்ந்து பேடா தின்றுகொண்டிருப்பாள்.