மருந்து குடிக்காத எலி

அந்தக் குற்றால சீசனில் ஐந்தருவியில் விழுந்த தண்ணீரைவிட மேலகரம் ரோட்டில் குவிந்த கூட்டம் அதிகம். சாரலில் நனைந்து வந்த கார்கள் அருவிப் பக்கம் திரும்பவே இல்லை. நேராக ஒரு கல்யாண மண்டபத்தின் வாசலில் போய் நின்றன. சுரண்டையிலிருந்து வந்தார்கள், ஆய்க்குடியிலிருந்து வந்தார்கள், செங்கோட்டை தாண்டி மலையாளத்துக்காரர்களும் வந்தார்கள். எல்லோரும் பார்க்க வந்தது ஓர் எலியை.

சாதாரண எலி என்று நினைத்துவிடாதீர்கள். வெள்ளெலி. பெயர் டாக்டர் வெள்ளையன். பிறக்கும்போதே வெள்ளைக் கோட்டோடு பிறந்துவிட்டதால் படிக்கிற தொல்லை அதற்கு இல்லை. மண்டபத்து வாசலில் 'அகில உலக நுண்ணுயிர் சித்த ஆராய்ச்சிக்கூடம்' என்று பலகை தொங்கியது. அதன் நிறுவனர், இயக்குநர், தலைமை விஞ்ஞானி எல்லாம் ஒரே ஆள். மைக்ரோ சாமி.

மைக்ரோ சாமிக்குப் பழைய பெயர் மாரிச்செல்வம். தென்காசியில் கிளி ஜோசியம் பார்த்துக்கொண்டிருந்தார். பச்சைக்கிளியைக் கூண்டில் அடைப்பது குற்றம் என்று வனத்துறை ஒரு நாள் கிளியைக் கொண்டுபோய்விட்டது. ஊருக்கே வருங்காலம் சொன்ன கிளி, இந்த ஒரு சேதியை மட்டும் முன்கூட்டிச் சொல்லத் தவறிவிட்டது. சாமி மனம் தளரவில்லை. விஞ்ஞானிகள் எலியை வைத்துத்தான் மருந்து கண்டுபிடிக்கிறார்கள் என்று யாரோ பேசக் கேட்டிருந்தார். கூண்டு கையில் இருந்தது. எலி வாங்கினார், காவி வேட்டிக்கு மேல் வெள்ளைக் கோட்டை மாட்டினார், ஆராய்ச்சி தொடங்கிவிட்டது.

ஆராய்ச்சி முறை இதுதான். நோயாளி திரைக்குப் பின்னால் போய் ஒரு சிவப்புக் கப்பில் சளியைத் துப்ப வேண்டும். டாக்டர் வெள்ளையன் முகர்ந்து பார்ப்பார். முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓடினால் உடம்பில் கிருமி. உடனே 'அருவி அமுதம்' பாட்டில் கொடுக்கப்படும். அமுதம் குடித்து முடித்தபின் பச்சைக் கப்பில் துப்ப வேண்டும். எலி வந்து நக்கினால் கிருமி காலி. சிவப்பில் எலி நக்கியதும் இல்லை, பச்சையில் ஓடியதும் இல்லை. உலகத்தில் எந்த ஆஸ்பத்திரியிலும் நூற்றுக்கு நூறு குணமானதாகச் சரித்திரம் உண்டா?

மண்டபத்துக்கு எதிரே பலவேசம் அண்ணாச்சியின் நேந்திரங்காய் சிப்ஸ் கடை. கூட்டத்தால் வியாபாரம் கொழித்தது. அதைவிடப் பெரிய பெருமை ஒன்று அவருக்கு இருந்தது. சாமியின் டிரைவர் தினமும் வந்து ஒரு பாக்கெட் சிப்ஸ் வாங்கிப் போவான்.

"ஒண்ணும் சாப்பிடாம காத்தைக் குடிச்சு வாழுத சாமி, நம்ம கடைச் சிப்ஸை மட்டும்தான் தொடுதாரு" என்று அண்ணாச்சி வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

அவர் மனைவி செண்பகவல்லிக்கு இருமல். ஆஸ்பத்திரியில் சளியைப் பார்த்துவிட்டுக் காசநோய் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். லேபில் நுண்ணுயிரியல் பார்க்கிற ஹுஸ்னா மேடம் அண்ணாச்சியிடம் பக்குவமாகத்தான் சொன்னார்.

"சளியைக் கல்ச்சருக்குப் போட்டிருக்கோம் அண்ணாச்சி. அதுல என்ன வளருதுன்னு பாக்கணும். முடிவு வர நாளாவும். அதுவரை மாத்திரையை ஒரு நாள்கூட விட்டுராதிய."

அண்ணாச்சியின் காதில் மாத்திரை விழவில்லை. கல்ச்சர் மட்டும் விழுந்தது. வீடு வரும்வரை பொருமிக்கொண்டே வந்தார்.

"எங்க கல்ச்சர்ல என்ன வளந்துட்டாம்? வருசா வருசம் கோயில் கொடைக்கு வரி குடுக்குத குடும்பம். இவுங்க பாத்துச் சொல்லணுமாம், நம்ம கல்ச்சர் சரியா இல்லையான்னு!"

இதைச் சாமியிடம் போய்ச் சொன்னார். சாமிக்குக் கரும்பு தின்னக் கூலி கிடைத்த மாதிரி ஆயிற்று.

"அவன் பாக்குதது வெள்ளைக்காரன் கல்ச்சர், பலவேசம். இது நம்ம கல்ச்சர். ரெண்டும் ஒட்டாது. அந்த மாத்திரை தின்னா மூத்திரம் செவப்பாப் போவுதா இல்லையா?"

"ஆமா சாமி!"

"ரத்தம்டே அது! ரத்தத்தைக் கரைக்குதான்."

மாத்திரையின் சாயம்தான் அப்படிப் போகும், பயப்பட வேண்டாம் என்று ஹுஸ்னா முதல் நாளே சொல்லியிருந்தார். ஆனால் உண்மைக்கு ஒரு குறை உண்டு. அது உரக்கக் கத்தாது. மாத்திரை டப்பா பரணுக்குப் போனது. அமுதம் வீட்டுக்குள் வந்தது. பாட்டில் காலியானதும் பச்சைக் கப்பை எலி ஆசை ஆசையாக நக்கியது. அண்ணாச்சி கடை முன்னால் வெடி போட்டார்.

வெடிச் சத்தம் ஓய்ந்தது. இருமல் ஓயவில்லை. சாயங்காலமானால் செண்பகவல்லிக்குக் காய்ச்சல் வந்தது. மெலிந்த கையில் வளையல் முழங்கைவரை ஏறியது.

"எலி சரியாயிட்டுன்னு சொல்லுது" என்றாள் செண்பகவல்லி மூச்சு வாங்க. "நெஞ்சு கேக்க மாட்டேங்குதே. ஒருவேளை அந்த எலிக்குச் சரியாயிட்டோ என்னமோ."

அண்ணாச்சிக்குச் சுருக்கென்றது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

மாத்திரை வாங்க ஆள் வரவில்லையே என்று ஹுஸ்னாவே ஒரு நாள் கடைக்கு வந்துவிட்டார். செண்பகவல்லியைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"கல்ச்சர் வந்துட்டு அண்ணாச்சி. இந்த மாத்திரைக்கே கிருமி சாவுது. ஆனா நடுவுல நிறுத்துனா மிச்சக் கிருமி தேறிரும். அப்புறம் எந்த மாத்திரைக்கும் அடங்காமப் போயிரும். ஏன் நிறுத்துனிய?"

"எங்க கல்ச்சர் வேற, மேடம்."

ஹுஸ்னாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"கல்ச்சர்னா பண்பாடு இல்ல அண்ணாச்சி. முட்டையும் உப்பும் சேத்துக் குழாயில உறைய வச்சு, அதுமேல சளியைத் தடவி, கிருமியை வளத்துப் பாக்குதது. வளந்த கிருமிமேல மருந்தைப் போட்டு எதுக்குச் சாவுதுன்னும் பாப்போம்."

"கிருமிக்கு முட்டை போடுதியளா!" அண்ணாச்சி வாயைப் பிளந்தார். "ஆனா எலி நக்கிட்டே மேடம். எலியை வச்சுத்தானே நீங்களும் மருந்து கண்டுபிடிக்கிய?"

"ஆமா. இந்த மாத்திரையையும் எலிக்குக் கொடுத்துப் பாத்திருக்காங்க. ஆனா ஒரு எலி இல்ல. ஒரு கூட்டத்துக்கு மருந்து கொடுப்பாங்க, இன்னொரு கூட்டத்துக்கு மருந்தே கொடுக்க மாட்டாங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தாத்தான் மருந்து வேலை செஞ்சுதான்னு தெரியும். உங்க சாமிகிட்ட மருந்து குடிக்காத எலி எங்க இருக்கு?"

உள்ளே செண்பகவல்லி இருமினாள். அந்த இருமல் வெகுநேரம் நிற்கவில்லை.

"நான் என்ன செய்யணும்?" என்றார் அண்ணாச்சி.

"ஒண்ணும் பெருசா இல்ல. தண்ணியைக் கொதிக்க வச்சு ஆத்தி எடுத்துக்கிட்டுப் போங்க. சளிக்குப் பதிலா அதைக் கப்புல ஊத்துங்க. அதுல கிருமி கிடையாது. எலி என்ன சொல்லுதுன்னு பாப்போம்."

மறுநாள் அண்ணாச்சி வரிசையில் நின்றார். பின்னால் ஹுஸ்னா மாஸ்க்கோடு நின்றார். இருமுகிறவர்களையெல்லாம் ஜன்னல் சாத்திய மண்டபத்தில் தொடையோடு தொடை ஒட்ட உட்கார வைத்திருந்தார்கள். காசநோய்க் கிருமிக்கு இதைவிட நல்ல சீசன் வேறு எங்கே கிடைக்கும்?

அண்ணாச்சி திரைக்குப் பின்னால் போய்ச் சிவப்புக் கப்பில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வந்தார். டாக்டர் வெள்ளையன் முகர்ந்தார். தும்மினார். கூண்டின் மூலைக்கே ஓடிவிட்டார்.

"ஐயோ பாவம்!" சாமி நெஞ்சில் கை வைத்தார். "பொண்டாட்டிகிட்ட இருந்து ஒனக்கும் ஒட்டிட்டுடே. பரம்பரைக் கிருமி. ஒனக்குப் பெரிய பாட்டில்."

"சாமி, இது அடுப்புல கொதிச்ச தண்ணி" என்றார் அண்ணாச்சி.

சாமி ஒரு கணம் கண்ணை மூடினார்.

"தண்ணியிலயும் கிருமி உண்டு. எலிக்குத் தெரியும்."

"அப்படியா? அப்போ இதே தண்ணியைப் பச்சைக் கப்புல ஊத்துதேன்."

"ஏலே, அதைத் தொடாதே! அது அமுதம் குடிச்சவங்களுக்கு!"

"கப்புக்கும் அமுதத்துக்கும் என்ன சாமி சம்பந்தம்?" என்று கேட்டபடியே அண்ணாச்சி ஊற்றிவிட்டார். ஒரே தண்ணீர்தான். டாக்டர் வெள்ளையன் ஓடி வந்து கப்பின் விளிம்பைச் சுற்றிச் சுற்றி நக்கினார். ஒரு காலைத் தண்ணீருக்குள்ளேயே விட்டுவிட்டார்.

அண்ணாச்சி சிவப்புக் கப்பை மூக்கருகே கொண்டுபோனார். குற்றாலத்துக் கடைகளில் பல்வலிக்கு விற்கிற கிராம்புத் தைலத்தின் நெடி, எலிக்கு ஆகாதது. பிறகு பச்சைக் கப்பை முகர்ந்தார். விளிம்பில் விரலைத் தேய்த்து நாக்கில் வைத்தார். தேங்காய் எண்ணெய். உப்பு. மஞ்சள். எத்தனையோ வருஷமாகத் தினம் தினம் கைபார்த்த பக்குவம்.

"இது என் கடைச் சிப்ஸுலா!" என்று அலறினார். "அடப்பாவி, நீ திங்கேன்னுலா பெருமை அடிச்சேன்! பொடிச்சுக் கப்புல தடவியிருக்கியே. என் சிப்ஸைக் காட்டி என் பொண்டாட்டியக் கொல்லப் பாத்தியே!"

"நம்ம கல்ச்சரையே கேவலப்படுத்துதான், பாருங்க மக்களே!" என்று சாமி கைகளைத் தூக்கினார்.

"கல்ச்சர்னா முட்டை போட்டு வளக்குததுய்யா!" என்றார் அண்ணாச்சி. "நீ எங்களை ஏமாத்தி வளந்துட்டே!"

சிவப்புக் கப்பும் பச்சைக் கப்பும் மண்டபம் முழுக்கக் கைமாறின. முகர்ந்தவர்கள் எழுந்தார்கள். எழுந்தவர்கள் கோட்டைப் பிடித்தார்கள். சுகாதாரத் துறையும் போலீசும் வந்தபோது தலைமை விஞ்ஞானி ஜன்னல் வழியே இறங்கப் பார்த்துக் கோட்டு மாட்டித் தொங்கிக்கொண்டிருந்தார். பின்கட்டில் அமுதம் தண்ணீர்க் குழாயிலிருந்து பாட்டிலுக்குள் ஒழுகிக்கொண்டிருந்தது.

செண்பகவல்லி முதலிலிருந்து மாத்திரையைத் தொடங்கினாள். புதிதாகச் சளி எடுத்துக் கல்ச்சருக்குப் போட்டார்கள். கிருமி அடங்காத ஜாதியாக மாறிவிட்டதா என்பது அதன் முடிவு வந்தால்தான் தெரியும். அண்ணாச்சி கடையைச் சாத்திவிட்டுத் தினமும் லேப் வாசலில் போய் நின்றார். "மேடம், நம்ம கல்ச்சர் வந்துட்டா?" என்று கேட்பார். ஒரு நாள் ஹுஸ்னா சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்.

"அதே மாத்திரைக்கே சாவுது அண்ணாச்சி. தப்பிச்சிய."

அண்ணாச்சி படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, அந்த எலி என்ன ஆச்சு என்று கேட்டார். பிராணிகள் நலக்காரர்கள் எடுத்துப் போனார்களாம், நன்றாகத்தான் இருக்கிறதாம். அவ்வளவோடு விடாமல் ஹுஸ்னா இன்னொன்றும் சொன்னார். முறையான ஆராய்ச்சிக்கூடத்தில் ஓர் எலிக்கு ஊசி போட வேண்டுமென்றாலும் முதலில் ஒரு கமிட்டி உட்கார்ந்து கேட்குமாம். இது எதற்கு, வலிக்குமா, வேறு வழியே இல்லையா என்று.

இந்தக் கதை முடிந்தும் மண்டபத்து வாசலுக்குச் சிலர் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். சாமி எந்த ஊரில் இருக்கிறார், எலி எந்தக் கிழமை பார்க்கும் என்று விசாரிக்கிறார்கள். அவர்களுக்கு ஒரே ஒரு சேதி. எலிக்காகக் கேள்வி கேட்க நாட்டில் ஒரு கமிட்டி இருக்கிறது. உங்களுக்காகக் கேட்க உங்களைத் தவிர நாதி கிடையாது. வாய் இருமுவதற்கு மட்டும் இல்லை.